பூட்டு உடைந்தது நிஜம்தான்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் இருபது நிமிடம் நடந்தால் எங்கள் நகர் வந்துவிடும். நகர் என்பது பெயரில்தான். நெல் வயலைக் கல் நட்டுப் பிரித்து விற்றபோது விளம்பரப் பலகையில் எழுதிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நாற்பத்துச் சொச்சம் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் சுற்றுச்சுவர், இரும்பு கேட், கேட்டுக்கு உள்ளே வராந்தாவை அடைத்து ஒரு கிரில் கதவு. காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் அநேகமாக எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கும். சிலர் சென்னைக்கு ரயிலில் போவார்கள், சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வேனில், சிலர் பைக்கில் பொன்னேரி, மீஞ்சூர், மணலி என்று. திரும்ப விளக்கு எரிய ஏழு, எட்டு ஆகும். பன்னிரண்டு வருடமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு என் தெரு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எனக்குப் பாரிமுனையில் வேலை. கப்பலில் வரும் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் ஒரு சின்ன ஏஜென்சி. கணவருக்கு மணலியில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில். மகள் ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தாள். விடிந்தும் விடியாமலும் கல்லூரிப் பேருந்து வந்து அவளை அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று பேரும் மூன்று திசை. வீடு மட்டும் அங்கே இருந்தது.

நான் பிறந்தது வியாசர்பாடியில், ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீட்டில். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஓர் அறையில் ஐந்து பேர் படுத்தோம். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்களுக்குத் தும்மல் வரும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மொத்த பிளாக்கும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். எனக்கு அது பிடிக்காது. கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு நாளாவது அழ வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டிருக்கிறேன். கவரைப்பேட்டையில் மனை வாங்கி வீடு கட்டியபோது அந்த ஆசை நிறைவேறியது. சாத்துவதற்கு எனக்கென்று ஒரு கதவு கிடைத்தது.

அம்மா இறந்த பிறகு நைனா அதே ஹவுசிங் போர்டு வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள். நைனா வெளியே நடைபாதையில்தான் கட்டில் போட்டுப் படுப்பார். நான்தான் பிடிவாதமாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பாசத்தில் செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி பாசம்தான். மீதிப் பாதி, என் வீட்டில் அவர் வந்து உட்கார வேண்டும், அதை வியாசர்பாடியில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு.

வந்த அன்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார்.

"நல்லா கீது பாப்பா. காத்து சும்மா பிச்சிக்கினு வருது. ஜனம் எங்க?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க நைனா. சாயங்காலம் வந்துடுவாங்க."

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். நைனா வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் இரண்டு வாரம் தெருவில் மேலும் கீழும் நடந்திருக்கிறார். நான் வந்ததும் அன்றைய செய்தியைச் சொல்வார். "நாலாவது ஊட்ல ஒரு நாய் கீது. அது ஒண்ணுதான் இந்தத் தெருவுல பேசுது" என்றார் ஒரு நாள். நான் சிரித்தேன். டிவியில் இன்னும் பத்து சேனல் சேர்த்துக் கொடுத்தேன்.

எங்கள் எதிர் வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். கீழே ஒரு குடும்பம். புருஷன் பெண்டாட்டி இருவரும் சிப்காட்டில் வேலை. மாடியில் ஒடிசாக்காரர்கள் ஆறு பேர். இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலையில் அவர்களுக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். நாங்கள் கிளம்பிப் போன பிறகு காலையில் கம்பெனி வேன் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும். சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். நான் திரும்பும் நேரத்தில் அவர்கள் மறுபடி போயிருப்பார்கள். இரண்டு வருடம் எதிரெதிரே இருந்தும் அவர்களை நான் பார்த்தது மாடிக் கொடியில் காயும் சட்டைகளாகத்தான்.

நைனா அவர்களைக் கண்டுபிடித்துவிட்டார். ஹார்பரில் லாரி டிரைவர்களிடம் கற்ற அரைகுறை இந்தி அவருக்கு இருந்தது. தூங்கி எழுந்து மூன்று, நான்கு மணிக்கு அவர்கள் கீழே இறங்கி வரும்போது கேட்டருகே நின்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஆறு பேரில் நன்றாகப் பேசுகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு. ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். இதெல்லாம் நைனா சொல்லித்தான் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் முழுக்கத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வாயிலிருந்து வந்தது. வாடா, தூக்குடா, சீக்கிரம்டா. அதனால் நைனாவிடமும், "அப்பா, சாப்ட்டியாடா?" என்று அன்பாக விசாரிப்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி நைனா சிரித்தார்.

"உன் வயசுக்கு டா போட்டுப் பேசுறான். உனக்குச் சிரிப்பு வருதா?" என்றேன்.

"அவன்கிட்ட யாரு மரியாதையா பேசுனாங்க? காதுல வுழுந்ததத்தான பேசுவான்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நலச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நகரின் கடைசித் தெருவில் வீடு, எதையும் பணிவாகத்தான் சொல்வார். உட்காரக்கூட இல்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பெரியவர் அந்தப் பசங்கள உள்ள கூப்ட்டு டிவி போட்டுக் காட்டுறார். அன்னைக்கு கிரிக்கெட் மேட்ச். நாலு பேர் உங்க ஹால்ல. பொண்ணு இருக்கிற வீடு. அதான் ஒரு வார்த்தை சொல்லிடலாமேன்னு."

அவர் போன பிறகு நைனாவைக் கேட்டேன். "ஆமா, பாத்தோம். அதுக்கு இன்னா?" என்றார். சோபாவில் உட்காரச் சொன்னாராம். சட்டை அழுக்கு என்று அவர்கள் தரையிலேயே உட்கார்ந்தார்களாம். மட்டு மரியாதை தெரிந்தவர்கள் என்பதற்குச் சான்றாக அதைச் சொன்னார். என் காதில் 'என் ஹால், என் தரை' என்பது மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் காலை கிளம்பும்போது கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பூட்டினேன். ரயில் எண்ணூர் தாண்டும்போது போன் வந்தது.

"பாப்பா, கதவ பூட்டிக்கினு போயிட்டியே."

"தெரிஞ்சிதான் பூட்டுனேன் நைனா. நீ தனியா ஹைவே ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போறியாம். லாரி எப்படி வருது பாத்தியா? எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓட மாட்டேங்குது."

அவர் டீக்கடைக்குப் போனது நிஜம். நான் பூட்டியது அதற்காக இல்லை என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு, "சரி, பத்தரமா போ" என்று வைத்துவிட்டார்.

"ஒரு சாவி அவர்கிட்ட குடுத்துடேன்" என்றார் கணவர், மறுநாள் காலை.

"சாவி குடுத்துட்டா அப்புறம் இன்னாத்துக்குப் பூட்டறது?" என்றேன். அவருக்கும் அவசரம், ஏழு மணிக்குள் பைக்கை எடுக்க வேண்டும்.

அந்தப் பூட்டு நான்கு மாதம் தொங்கியது. தேர்வு முடிந்து ஒரு நாள் மதியமே திரும்பிய மகள், பார்த்ததைச் சொன்னாள். வராந்தாவில் கிரிலுக்கு இந்தப் பக்கம் நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் படியில் இரண்டு பேர். நைனா டீ போட்டு, கிளாசைச் சாய்க்காமல் கம்பி இடுக்கில் நுழைத்துக் கொடுக்கிறார்.

"பாக்க ஜெயில் மாதிரி இருந்துச்சும்மா. மனு போட்டுப் பாக்க வந்தா மாதிரி."

"போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றேன்.

அது ஒரு ஜூன் மாதம். சரியான வெயில். ஆபீசில் போனை மேசை டிராயரில்தான் போட வேண்டும். பதினொன்றரை மணி இருக்கும், டிராயர் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்தேன். யாரோ இந்தியில் வேகமாகப் பேசினான். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று தினமும் இப்படி வரும். வைத்துவிட்டேன். மறுபடி வந்தது. வைத்தேன். மூன்றாம் தடவை எடுத்து, இனிமேல் கூப்பிட்டால் போலீசில் சொல்வேன் என்று தமிழில் கத்தினேன். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அக்கா. அப்பா வுழுந்தான். தலை ரத்தம். அப்பா, அக்கா. அப்பா."

நைனா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். பின்மண்டை குழாயில் மோதியிருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. கத்தியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை; தண்ணீர் மேலே விழுந்துகொண்டே இருந்தது, தொண்டை போய்விட்டது என்றார் பிறகு. எங்கள் தெருவில் காது கொடுக்க ஒருவர் இல்லை. மாடியில் அந்தத் தீக்காயக்காரர் மட்டும் தூக்கம் வராமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்து கிரிலைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். என் பூட்டு நல்ல பூட்டு. பொன்னேரியில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அன்று மாடியில் இருந்த மற்ற மூன்று பேரை எழுப்பி, நகரின் கோடியில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து கடப்பாரை கொண்டுவந்து நெம்பி உடைத்திருக்கிறார்கள். ஆம்புலன்சுக்குப் போன் செய்து விலாசம் சொல்ல அவர்களுக்குத் தமிழ் வரவில்லை. எங்கள் தெருவுக்குப் பகலில் ஆட்டோ வராது. நைனாவை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்காரவைத்து, துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, நான்கு பேரும் தூக்கிக்கொண்டு ஹைவே வரை அந்த வெயிலில் ஓடியிருக்கிறார்கள். அங்கே ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் எண் நைனாவின் போனில் 'பாப்பா' என்று இருந்தது. அதைத் தங்கள் போனில் அடித்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போனில் காசு இல்லை. ரீசார்ஜ் செய்ய நான் மறந்திருந்தேன்.

நான் ஏறிய வண்டி அத்திப்பட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி வண்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கரி ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்தபடி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பெட்டியில் தினமும் என்னோடு வருகிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் இல்லை. பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும், "யாருக்கும்மா இன்னா?" என்றாள். "அப்பா" என்றேன்.

பொன்னேரியில் நைனாவுக்குத் தலையில் தையல் போட்டிருந்தார்கள். இடுப்புக்குச் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வெளியே வராந்தாவில் நான்கு பேரும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். ஒருவர் காலில் செருப்பு இல்லை. தீக்காயக்காரரின் பனியனில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.

"யாரு இவங்கல்லாம்?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

"எதிர் வீட்டுல வாடகைக்கு இருக்காங்க" என்றேன்.

"அக்கா, நாங்க போ?" என்றார் தீக்காயக்காரர். போகலாமா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். ராத்திரி முழுக்கக் காய்ச்சிய இரும்பின் முன்னால் நின்றவர்கள். தூங்காமல், சாப்பிடாமல் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கு மறுபடி ஷிப்ட். ஒரு டீ குடித்தீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். பதற்றத்திலும் நர்ஸின் கேள்விக்கு எவ்வளவு கவனமாகப் பதில் சொன்னேன் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து நைனாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஹாலில் ஜன்னலோரம் கட்டில். நான் விடுப்பு போட்டேன். அது தீர்ந்ததும் ஆந்திரா பக்கமிருந்து ஓர் அம்மாவைப் பகலுக்குப் பார்த்துக்கொள்ள வைத்தோம். கிரிலுக்குப் புதுப் பூட்டு வாங்கினார் கணவர். அந்த அம்மா உள்ளே இருந்ததால் பகலில் அதைப் பூட்டவில்லை. ஒடிசாக்காரர்கள் தினமும் நான்கு மணிக்கு வந்து நைனாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் திருட்டு. ஒரு வீட்டில் போர் மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர். இரண்டும் பகலில். ஞாயிற்றுக்கிழமை காலை நலச் சங்கக் கூட்டம் கூட்டினார்கள். கோயிலுக்கென்று ஒதுக்கிய காலி மனையில் தகரக் கொட்டகை. அதில் முப்பது பேர் இருப்போம். முகம் பார்த்து ஆறு மாதம் ஆனவர்களெல்லாம் அன்றைக்கு வந்திருந்தார்கள்.

செயலாளர் ஏற்கெனவே மனு எழுதி வைத்திருந்தார். வடமாநில ஆட்களுக்கு, அதுவும் குடும்பம் இல்லாதவர்களுக்கு, நம் நகரில் வீடு விடக் கூடாது. இருப்பவர்களைக் காலி செய்ய வைக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டுச் சொந்தக்காரருக்கு, ஒரு பிரதி காவல் நிலையத்துக்கு. நடந்த சம்பவங்களை ஒன்று, இரண்டு என்று வாசித்தார். ஒன்று, மோட்டார் ஒயர். இரண்டு, சிலிண்டர்.

"மூணு. மனை எண் பத்தொன்பது, கிரில் கதவின் பூட்டு பகல் நேரத்தில் கடப்பாரையால் உடைக்கப்பட்டது."

பத்தொன்பது என் வீடு.

செயலாளருக்கு முழுக் கதை தெரியுமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நைனா விழுந்தது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்று யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. கட்டட வேலைக்காரன் எவனோ கடப்பாரை விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கரெக்ட்தானே மேடம்?"

எழுந்து நின்றேன். இரண்டு வார்த்தை போதும். இவர்கள்தான் என் அப்பாவைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பூட்டை ஏன் உடைக்க வேண்டும்? உள்ளே ஆள் இருந்தாரே? அப்படியானால் பூட்டியது யார்? முப்பது பேர் முன்னால், எழுபத்திரண்டு வயது அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தினமும் வேலைக்குப் போனேன் என்று நான் சொல்ல வேண்டும். என்னோடு ரயிலில் வரும் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு ஒடைஞ்சது நிஜம்தான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உட்கார்ந்தேன். கையெழுத்துத் தாள் வந்தது. எனக்கு முன்னால் பதினோரு பேர் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவதாக நான் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து ஆறு பேரையும் அழைத்துப் போய், ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து, ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பியது. அவர்களிடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் வார முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை எனக்கு அரை நாள். நான் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு சின்ன யானை வண்டியில் பாய், பக்கெட், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஏற்றியாகியிருந்தது. தீக்காயக்காரர் எங்கள் ஹாலில் நைனாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏன்டா போற? இங்க இன்னா பேஜாரு?" என்று நைனா கேட்டார்.

"கம்ப்ளெய்ன்ட் அப்பா. சோரி, திருட்டு சொல்றான். மோட்டர், சிலிண்டர். அப்புறம் இந்த லாக்." கிரில் பக்கம் கை காட்டினார். "நாங்க உடைச்சான்னு எழுதி."

"இந்தப் பூட்டா? இந்த ஊட்டுப் பூட்டா?"

அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மனுவில் யார் கையெழுத்து என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதை நினைத்து எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

"போறேன்டா அப்பா. உடம்பு பாரு" என்று நைனாவின் காலைத் தொட்டுவிட்டு, என்னிடம் "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சிப்காட்டுக்குப் பின்னால் எங்கோ தகர ஷெட்டில் இடம் பார்த்திருப்பதாக நைனா பிறகு சொன்னார். ஒரு ஷெட்டில் இருபது பேர்.

அன்று விளக்கு வைத்த பிறகு நைனா என்னைக் கூப்பிட்டார்.

"நீ அந்த மீட்டிங்குக்குப் போனியா?"

"போனேன்."

"சொன்னியா, பூட்ட ஏன் ஒடைச்சாங்கன்னு?"

"சொல்லல நைனா."

"கேட்டாங்களா உன்ன?"

"கேட்டாங்க."

அவர் என் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஹார்பர்ல முப்பது வருஷம் மூட்ட தூக்குனேன். எவ்ளோ தபா எங்கள செக் பண்ணாங்க தெரியுமா? கேட்டாண்ட சட்டையக் கழட்டி. திருடன்னு சொல்றது அவ்ளோ ஈசி பாப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "தம்பிக்குப் போன் போடு. நான் அங்கயே போயிடறேன்" என்றார்.

கெஞ்சினேன். அழுதேன். என் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதேன். அவர் சாப்பிட்டார், மருந்து எடுத்துக்கொண்டார், கேட்டால் பதில் சொன்னார். தம்பி எப்போது வருவான் என்று மட்டும் தினமும் கேட்டார். பத்தாம் நாள் தம்பி ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போனான். "இன்னாக்கா சண்டை?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, அவருக்கு இங்க போரடிக்குது" என்றேன்.

அதன் பிறகு எங்கள் நகரில் இன்னும் இரண்டு திருட்டு நடந்தது. யாரையும் பிடிக்கவில்லை. எதிர் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. இருவருக்கும் ஐடி வேலை, ஏழு மணிக்கே கேப் வந்துவிடுகிறது. செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இப்பதான் மேடம் தெரு டீசென்ட்டா இருக்கு" என்பார். நானும் ஆமாம் சார் என்பேன். வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடிக்குப் போகிறேன். நைனா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தரைத்தளம் என்பதால் வாசலுக்கு வர முடிகிறது. நடைபாதையில் கட்டிலில் உட்கார்ந்தால் குழாயடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். ஒருத்தி நாஷ்டா கொண்டுவந்து வைக்கிறாள், இன்னொருத்தி மாத்திரை போட்டாயா என்று அதட்டுகிறாள். அங்கே கொசு, சாக்கடை, சண்டை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. நான் அங்கே அரை மணிக்கு மேல் உட்கார முடியாமல் தவிக்கிறேன். அதை அவர் பார்த்துவிடுகிறார். "கெளம்பு, உனக்கு வண்டி போயிடும்" என்கிறார். என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். வாம்மா, போம்மா என்கிறார், வீட்டுக்கு வரும் யாரையும் சொல்வது போல.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு வேலை நாளில் வீட்டில் தனியாக இருந்தேன். கணவரும் மகளும் போன பிறகு எட்டு மணிக்குள் ஒவ்வொரு கேட்டாக இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. தூரத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் கடந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து முகம் கழுவக் குளியலறைக்குப் போனவள், குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். என்ன தோன்றியதோ, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். முதலில் மெல்ல. பிறகு தொண்டை வலிக்க வலிக்க, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவள் போல, மூன்று நான்கு தடவை.

யாரும் வரவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

சாயங்காலம் கணவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "குரல் ஏன் கம்மியிருக்கு?" என்று கேட்டார். ஜுரம் என்றேன். மறுநாள் விட்டுவிட்டது. ஏழேகால் வண்டிக்குக் கிளம்பிவிட்டேன்.